முழுப் பெயர், முழு முகவரி

மலர் அக்காவின் அந்தப் பாரத்தை நிரப்பி அனுப்பியது நான்தான். போலீசில் வாக்குமூலம் கொடுத்தபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையைத் தூக்கி, "அது குற்றமில்லையே" என்றார். குற்றமில்லைதான்.

என் பெயர் பவானேஸ்வரி. ஜாசின் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் ஏழு வருடமாகக் கிளார்க்காக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா முனியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் மெர்லிமாவில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இருபது நிமிடத்தில் ஆபீஸ்.

பக்கத்து வீட்டில் தேவமலர் அக்கா நாலு வருடம் குடியிருந்தார். ஐந்து வயது மகள் கேத்லீனோடும் இரண்டு பையோடும்தான் வந்தார். முதல் மாதம் முழுக்க வாசல் கிரில்லை உள்பக்கமாகப் பூட்டியே வைத்திருந்தார். பிறகுதான் பேசத் தொடங்கினார். மின்னணுச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். மற்றபடி வெளியே போகமாட்டார்.

அவருடைய புருஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெயர் தினேஸ்வரன். வடக்கே, கெடாவில் இருக்கிறான். "அவரு தேடுவாரு பவானி. விட்டுர்ற ஆளு இல்ல" என்று ஒருமுறை துணி காயப்போடும்போது சொன்னார். குரலில் அழுகை எதுவும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதனால்தான் மின்சார பில் வீட்டு உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. கைத்தொலைபேசி எண்ணை என் ஐசியை, அடையாள அட்டையை, கொடுத்து நான் எடுத்துக் கொடுத்தேன். கேத்லீனைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியையிடம் தனியாகப் பேசி, பிள்ளையின் விவரம் வெளியே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நாலு வருடம் அப்படியே போயிற்று.

மலர் அக்கா வீடியோ சேனல் தொடங்கியதற்கு என் அம்மாதான் காரணம். அரசாங்க உதவித் தொகைக்கு இணையத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பவேண்டும். எல்லாம் மலாய் மொழியில். நான் கோர்ட்டு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மலர் அக்கா போன் திரையைப் பதிவு செய்து, எந்த இடத்தில் எதை அழுத்தவேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று தமிழில் நிதானமாகச் சொல்லி அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா அதைத் தோட்டத்துப் பெண்களுக்கு அனுப்ப, அவர்கள் எங்கெங்கோ அனுப்ப, ஒரு வாரத்தில் சபாக் பெர்ணாமில் இருந்து யாரோ ஒரு ஐயா நன்றி சொல்லி எழுதியிருந்தார்.

"பேசாம இத வீடியோவா போட்டுருங்களேன்கா" என்றேன். அதுவும் நான்தான்.

'பாரம் அக்கா' என்று பெயர் வைத்தோம். முகம் கிடையாது. பெயர் கிடையாது. திரை மட்டும்தான் தெரியும், குரல் மட்டும்தான் கேட்கும். லைசன்ஸ் புதுப்பிப்பது, பிள்ளைக்குப் பள்ளி உதவி கேட்பது, தொலைந்துபோன ஐசிக்கு மனு எழுதுவது, வீடமைப்புக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வது. ஞாயிறு மதியம் காற்றாடியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வார். மாதிரிப் பாரத்தில் போடுகிற பெயரைக்கூட அவராகவே உண்டாக்குவார். ஒவ்வொரு வீடியோவிலும் கடைசியாக, "பாரத்துல பொய் எழுதாதீங்க, வெறும் கட்டத்தையும் விட்டு வைக்காதீங்க" என்று சொல்வார். இரண்டு வருடத்தில் பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அக்கா சிரிக்கிறதை நான் அந்த இரண்டு வருடத்தில்தான் பார்த்தேன்.

போன வருடம் மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்து மோட்டாரைக்கூட நிறுத்தவில்லை, அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"பவானி, கொஞ்சம் இத பாரேன். மூணு வீடியோவ தூக்கிட்டாங்க."

அந்த வீடியோ தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. 'புளூ கேட் கிரியேட்டிவ்' என்ற ஏதோ ஒரு கம்பெனி காப்புரிமைப் புகார் கொடுத்திருக்கிறதாம். மூன்று வீடியோவிலும் வருகிற குரல் பதிவு தங்களுக்குச் சொந்தமானது, அனுமதியில்லாமல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பது புகார். மூன்று வீடியோ, மூன்று புகார். ஏழு நாளுக்குள் சரியான பதில் இல்லையென்றால் சேனலையே எடுத்துவிடுவார்கள்.

"என் குரல்தானே அது?" என்றார் அக்கா. "எப்படி அவங்களுக்குச் சொந்தமாகும்?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரிப் பொய்ப் புகார் கொடுத்து மிரட்டுகிற கூட்டம் இருக்கிறது என்று எங்கேயோ படித்திருந்தேன். "கவலப்படாதீங்க லா. எதிர் மனு போடலாம். அதுக்குன்னே ஒரு பாரம் இருக்கு. சட்டப்படி நம்ம பக்கம்தான் நியாயம்" என்றேன். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்கிற மிதப்பு கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்தில் இருந்து வந்ததும் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். கேத்லீன் முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏன் இந்தப் புகார் தவறு என்கிற காரணத்தை நான் ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதினேன். இரண்டு முறை திருத்தினேன். அதற்குக் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. முழுப் பெயர். முழு முகவரி. தொலைபேசி எண். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், இந்த விவரங்கள் எல்லாம் புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும் என்றும், எழுதியவை பொய்யானால் பொய்ச் சத்தியம் செய்த குற்றம் என்றும் இருந்தது.

அக்கா அதை மூன்று தரம் படித்தார்.

"அட்ரஸ் அவங்க கைக்குப் போகுமா?"

"ஆமாக்கா. கேஸ் போடறதா இருந்தா எங்க அனுப்பறதுன்னு தெரியணும்ல. அதுக்குத்தான்."

"பிஓ பாக்ஸ் எழுதலாமா?"

"கூடாதுன்னு போட்டிருக்கு. வீட்டு அட்ரஸ்தான் வேணுமாம்."

"வேற யார் வீட்டு அட்ரஸாவது?"

"பொய் எழுதினா மனுவே செல்லாதுக்கா. அப்பறம் அத வெச்சே நம்மள மடக்குவாங்க. கம்பெனிதானே? நம்ம அட்ரஸ வெச்சு அவங்க என்னா செஞ்சிறப் போறாங்க?"

அவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடி கழுவினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். தினேஸ்வரன் தேடுகிறான் என்பது எனக்குத் தெரியும். முகவரி கேட்கிறார்கள் என்பது கண் முன்னால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவில்லை. எனக்கு அவன் ஒரு பழைய கதை. கம்பெனி என்றால் கம்பெனி.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார். போனைக் காட்டினார். யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: அக்கா, அந்த வீடியோ காணோம், புதன்கிழமை கடைசி நாள், எங்கள் ஆயாவுக்குப் பாரம் பாதியில் நிற்கிறது. "எத்தன காலத்துக்கு பேரு எழுதாமலே இருக்கறது பவானி?" என்றார். "அனுப்பிரு."

நான் தட்டினேன். தேவமலர், தகப்பன் பெயர், வீட்டு எண் 27A, தாமான் பெயர், மெர்லிமாவ். அவசரத்தில் அஞ்சல் குறியீட்டில் ஒரு எண்ணை இடம் மாற்றி அடித்துவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். ஊர் பெயர் இருக்கிறதே, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். உங்கள் எதிர் மனு புகார்தாரருக்கு அனுப்பப்பட்டது, பத்து வேலை நாளுக்குள் அவர் வழக்குத் தொடராவிட்டால் வீடியோ மீண்டும் வெளியிடப்படும் என்று புதன்கிழமை பதில் வந்தது.

சனிக்கிழமை மதியம் கூரியர் வேன் வந்து நின்றது. நான் வீட்டில் இருந்தேன். டிரைவர் வேலிக்கு வெளியே நின்று பெயரைச் சத்தமாகப் படித்தார். ஐசியில் உள்ளபடி முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. அந்தத் தெருவில் அந்தப் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா வெளியே வந்தார். எதையும் ஆர்டர் செய்யவில்லை என்றார். டிரைவர் பெயரைக் காட்டினார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

காலணிப் பெட்டி அளவுக்கு ஒரு பொட்டலம். மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அனுப்பியவர் புளூ கேட் கிரியேட்டிவ். கீழே முகவரி. அஞ்சல் குறியீட்டில் நான் இடம் மாற்றி அடித்த அதே எண், அதே இடத்தில்.

"அக்கா, இது அந்தப் பாரத்துல இருந்து எடுத்தது" என்றேன்.

அவர் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். உள்ளே ஒரு ஜோடிச் சின்னச் சப்பாத்து. ரோஜா நிறம், பக்கத்தில் வெல்க்ரோ பட்டை. புதிது இல்லை. நுனி தேய்ந்திருந்தது. சுத்தமாகக் கழுவித் துடைத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். நாக்குப் பகுதியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் கே. என்று எழுதியிருந்தது.

அக்கா அதைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வீட்ட விட்டு வந்தப்ப பிள்ளைக்குச் சப்பாத்து போட நேரம் இல்ல" என்றார். "வெறுங்காலோடதான் தூக்கிட்டு வந்தேன். இது வாசல்லயே கெடந்துச்சு."

  உள்ளேயிருந்து கேத்லீன், "யாரும்மா அனுப்பினாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பது வயது, நல்ல உயரம். அக்கா மூடியைப் போட்டு மூடினார்.

"தப்பா வந்துருச்சுமா. வேற வீட்டுக்குப் போறது."

கடிதம் இல்லை, மிரட்டல் இல்லை. பொட்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தோம். கிடைத்துவிட்டாய் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

அன்றைக்கே போலீஸ் பலாய்க்குப் போனோம். பணியில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. பொறுமையாகக் கேட்டார். புருஷனுக்கு எதிராகக் கோர்ட்டில் வாங்கிய பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்றார். இருந்தது, காலாவதியாகி மூன்று வருடம். ரிப்போர்ட் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகு பேனாவை வைத்துவிட்டு மலாயில் சொன்னார்: "பிள்ளையின் தகப்பன் பிள்ளைக்குச் சப்பாத்து அனுப்பினான் என்றுதான் இதில் இருக்கிறது. எனக்குப் புரிகிறது. ஆனால் தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. அவன் வந்தால் உடனே கூப்பிடுங்கள்." தன் நேரடி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் பாஸ் திருச்செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருட வக்கீல். குரலை உயர்த்தவே மாட்டார். நான் அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நல்ல இங்கிலீஷ் என்று தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, இத எங்கிட்ட கொண்டு வரல?"

"சின்ன விஷயம்னு நெனச்சேன் பாஸ்."

"வக்கீல் பேர்ல அனுப்பியிருந்தா வக்கீல் அட்ரஸ் போதும். இந்த ஆபீஸ் அட்ரஸ போட்டிருக்கலாம். பாரத்துக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கு, பாரு."

எழுதியிருந்தது. விளக்கப் பக்கத்தில், மேலே இருந்து நாலாவது வரி. நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேகூடப் பார்த்திருக்கவில்லை.  அவர் என் கண் முன்னாலேயே ஒரு தாளை எடுத்து, செய்யவேண்டியதை எழுதத் தொடங்கினார். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டிக்க இப்போது சட்டம் இருக்கிறது என்றார். ஆனால் அது திரும்பத் திரும்ப நடந்திருக்கவேண்டும். ஒரு பொட்டலம் போதாது.

"அப்ப இன்னொரு தடவ அவன் ஏதாவது செய்யற வரைக்கும் காத்திருக்கணுமா பாஸ்?"

"சட்டத்துக்கு வேணும்னா காத்திருக்கணும். அந்தப் பொண்ணு காத்திருக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் வீட்ட காலி பண்ண முடியுமோ பண்ணச் சொல்லு."

காத்திருக்க வேண்டி வரவில்லை. அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. மலர் அக்கா. பள்ளியிலிருந்து கூப்பிட்டார்களாம். ஒருவர் பள்ளி வாசலுக்கு வந்து, கேத்லீனின் அப்பா என்று சொல்லி, வீட்டில் அவசரம், பிள்ளையை அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்றாராம். காவலாளி பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு விடவில்லை. வந்தவர் சண்டை போடவில்லையாம். சரி, பரவாயில்லை, பிள்ளை எத்தனையாவது படிக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். வெள்ளைக் கார்.

"அந்தத் தாமான்ல இருந்து நடந்து போற தூரத்துல எத்தன தமிழ்ப்பள்ளி இருக்கு?" என்றார் பாஸ். ஒன்றுதான் இருக்கிறது.

அன்று மத்தியானமே அக்காவும் கேத்லீனும் போய்விட்டார்கள். பாஸின் மனைவி தன் காரில் பள்ளிக்கே போய்ப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, கம்பெனி வாசலில் அக்காவையும் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. துணிமணிகளை நான்தான் இரண்டு பையில் கட்டி ஆபீசுக்குக் கொண்டுபோய் வைத்தேன். எங்கே அழைத்துப் போனார்கள் என்று நான் கேட்டேன்.

"உனக்குத் தெரியவேண்டாம் பவானி" என்றார் பாஸ். "தெரியாதுன்னு நீ சொல்றப்ப அது நெஜமா இருக்கணும்."

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். நான் வீட்டு முன்னால் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்து 27A வாசலில் நின்றது.

இறங்கியவனை நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். நாற்பது வயதுக்குள், மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஆபீசில் கேஸ் விஷயமாக வருகிற ஆள் மாதிரி இருந்தான். கிரில்லைத் தட்டினான். காத்திருந்தான். மறுபடி தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"தங்கச்சி, மலர் வீட்ல இல்லீங்களா?"

"யாரு?" என்றேன். கையில் இருந்த குழாயை நிறுத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தண்ணீர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"தேவமலர். இந்த வீடுதானே?" ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினான். நான் வாங்கவில்லை. வாங்காமலேயே தெரிந்தது. நான் எழுதிய பாரா. நான் இரண்டு முறை திருத்திய வரி. கீழே மூன்று கட்டம். ஒரு வரியின் அடியில் அவன் ரூலர் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தான்.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு" என்றான். "மலருக்கு இப்படி எழுத வராது. நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

 காற்சட்டைப் பையில் இருந்த போனைக் கையால் தடவிக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க தங்கச்சி. நான் சட்டத்துக்கு வெளிய ஒண்ணும் செய்யல. கம்பிளேன் போட்டேன். கேட்ட எல்லாத்தையும் அவங்களே அனுப்பிக் கொடுத்தாங்க." தாளை மடிப்புக் கலையாமல் திருப்பி ஃபைலில் வைத்தான். "ஒரு நாளு எங்கம்மா போன்ல யாரோ பாரம் நெரப்பச் சொல்லித் தராங்கன்னு கேட்டுகிட்டு இருந்தாங்க. நான் உள்ளாற குளிச்சிகிட்டு இருந்தேன். அப்படியே நின்னுட்டேன். மொதல் வார்த்தையிலயே தெரிஞ்சிருச்சு."

"கம்பிளேன்ல பொய்தானே எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அந்தக் குரல் எப்படி உங்களுக்குச் சொந்தம்?"

அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

"எட்டு வருஷம் என் வீட்ல பேசின குரல் தங்கச்சி. வேற யாருக்குச் சொந்தம்?"

சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி மணியை அடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவே போனாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவகிட்ட சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

காரில் ஏறினான். முனையில் திரும்பும்போது சிக்னல்கூடப் போட்டான். நான் கார் எண்ணை மறக்காமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அதிகாரியின் எண்ணைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. பொட்டலம், பள்ளி, வீடு. மூன்று சம்பவம் சேர்ந்ததால் போலீஸ் விசாரணைக் கோப்பு திறந்தது. நான் வாக்குமூலம் கொடுத்தேன், பள்ளிக் காவலாளியும் கொடுத்தார். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வக்கீலோடு வந்தானாம், மரியாதையாகப் பேசினானாம். மகளைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றானாம். பாஸ் கோர்ட்டில் பேசி அக்காவுக்குப் புதிய பாதுகாப்பு ஆணை வாங்கினார். ஆணையில் முகவரியே வராதபடி எழுத வைக்க அவர் இரண்டு தடவை தனியாக மனுப் போடவேண்டியிருந்தது. தொல்லை கொடுத்த வழக்கு இன்னும் நடக்கிறது. தேதி தள்ளித் தள்ளிப் போகிறது. அவன் ஜாமீனில் கெடாவில் வீட்டில் இருக்கிறான்.

பொய்ப் புகாருக்கு அவனைப் பிடிக்க முடியாதா என்று பாஸிடம் கேட்டேன். முடியும் என்றார். அந்தத் தளத்தின் விதிப்படி அதற்கு வெளிநாட்டுக் கோர்ட்டில் வழக்குப் போடவேண்டும், போட்டால் அங்கேயும் அக்காவின் பெயரும் இருப்பிடமும் பதிவாகும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவன் வீடு தேடி வந்த அடுத்த வாரம் தளத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. சேனலின் கணக்கில் என் மின்னஞ்சலும் இருந்தது. புகார்தாரர் வழக்குத் தொடராததால் உங்கள் எதிர் மனு ஏற்கப்பட்டது, மூன்று வீடியோவும் திரும்ப வெளியிடப்பட்டன, புகார்கள் நீக்கப்பட்டன. நாங்கள் ஜெயித்துவிட்டோம். மேலே ஒரு பச்சை நிற அடையாளம்கூட இருந்தது.

பாஸ் மூலமாக அக்கா ஒரு வரி எழுதி அனுப்பினார். சேனலை அழித்துவிடு. நான் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அழித்தேன். நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டது. கடைசியாக வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். அக்கா எங்கே போனீங்க, புது வீடியோ எப்ப வரும், பள்ளி உதவிப் பாரம் இந்த வருஷம் மாறிப்போச்சு, சொல்லித் தாங்க. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

அழித்தும் அழியவில்லை. ஒரு மாதம் கழித்து தோட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே மலர் அக்காவின் குரல் கேட்டது. அம்மா போனில் பழைய வீடியோ ஒன்றைச் சேமித்து வைத்திருந்தார். இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இத நாங்க எல்லாருக்கும் அனுப்பிட்டோம்ல. பாவம், அந்தப் பொண்ணு வீடியோ போடறத நிறுத்திடுச்சாமே" என்றார் அம்மா. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். ரப்பர் மரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது அந்தக் குரல்.

நானும் அந்தத் தாமானை விட்டு வந்துவிட்டேன். அவன் என் முகத்தையும் பார்த்தான், வீட்டையும் பார்த்தான். இப்போது எங்கே இருக்கிறேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆபீஸ் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. எண் மறைக்கப்பட்டிருந்தது. "பவானி" என்றதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நல்லா இருக்கோம்" என்றார் அக்கா. "கேத்து நல்லா படிக்கிறா. நான் ஒரு எடத்துல வேலைக்குப் போறேன்."

"சரிக்கா."

"உம்மேல கோவம் இல்ல. அத சொல்லத்தான் கூப்பிட்டேன். அனுப்பிருன்னு சொன்னது நான்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பேசிக்கொண்டே இருந்தார். கேத்லீனுக்குப் பல் விழுந்தது, புது ஆசிரியை நல்லவர், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி ஒன்று கரகரத்தது. ரயில் நிலைய அறிவிப்பு. மலாயில் ஒரு பெண்குரல், வந்துகொண்டிருக்கிற வண்டியையும் அந்த ஊரின் பெயரையும் தெளிவாகச் சொன்னது.

"அக்கா" என்றேன். "ஜன்னல சாத்திட்டுப் பேசுங்க."

பேச்சு நின்றது. காலடிச் சத்தம், பிறகு ஜன்னல் இழுபடுகிற சத்தம். திரும்பி வந்தபோது அவர் குரல் அந்தப் பழைய குரலாக இருந்தது, துணி காயப்போட்டுக்கொண்டே பேசிய குரல்.

"கேட்டுச்சா?"

"இல்லக்கா. சத்தம்தான் கேட்டுச்சு. ஒண்ணும் புரியல."

நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.  சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பாஸின் மனைவி அவசரமாக விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் வெளியூர் போய்விட்டு வந்தார். இந்தத் தடவை அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டார் என்று நான் கேட்கவில்லை.